புதன்கிழமைக் கஞ்சி

டாக்டரம்மா காப்பிங் பென்சிலைத் தண்ணீரில் நனைத்து, என் வலது கணுக்காலுக்கு நாலு விரல் மேலே சுற்றிலும் ஒரு ஊதாக் கோடு போட்டார். பங்குனிக்குள் இந்தப் புண் ஆறவில்லை என்றால் இந்த இடத்தில்தான் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். தையல்காரர் சட்டைக்கு அளவு சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அப்போது கார்த்திகை மாதம்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தவன் இல்லை. புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷத்தில் கடலை மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். மற்றவன் ஒரு மூட்டை தூக்கினால் நான் ரெண்டு தூக்குவேன். பத்து வருஷம் முடிவதற்குள் சொந்தமாகக் கடலை உடைக்கிற மில் வைத்தேன். என் மில் சங்கு ஊதினால்தான் ஊரில் கடிகாரத்தைத் திருத்தி வைப்பார்கள். இதில் யாருடைய தயவும் கிடையாது. என் முதுகு ஒன்றுதான் எனக்கு மூலதனம்.

சாப்பாட்டிலும் நான் அப்படித்தான். மண்டியில் பந்தயம் கட்டி ஒரே உட்காரலில் நாற்பது இட்லி தின்றிருக்கிறேன். கல்யாணப் பந்தியில் நான் உட்கார்ந்தால் பரிமாறுகிறவன் வாளியோடு அங்கேயே நின்றுவிடுவான். அதெல்லாம் ஊருக்குத் தெரிந்த சாப்பாடு. அதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை, பெருமைதான்.

ஊருக்குத் தெரியாத சாப்பாடு ஒன்று இருந்தது. வீட்டில் மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டிருப்பேன். கை கழுவி அரை மணி நேரம் ஆகியிருக்காது, உள்ளே ஏதோ நமநமவென்று பிடுங்க ஆரம்பிக்கும். மணமேல்குடிப் பக்கம் கடலை பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறுவேன். அங்கே ஒரு கடையில் உள்ரூம் உண்டு. மறைப்புத் துணியை இழுத்து விட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காருவேன். பரோட்டா, கறி, அதற்கு மேல் சோறு, மீன் குழம்பு, முட்டை. ருசி முதல் ரெண்டு கவளத்தோடு போய்விடும். அப்புறம் தின்பது நான் இல்லை, என் கை. எப்போது நிற்கும் என்று அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நெஞ்சு அடைத்து வியர்த்த பிறகுதான் எழுந்திருப்பேன். திரும்பும்போது ஊருக்கு ஒன்றரை மைல் முன்னாலேயே பாதை பிரிகிற விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி, கண்மாயில் வாயையும் கையையும் மண் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு நடந்து வீட்டுக்கு வருவேன். வீட்டுக்காரிக்கு வாசம் தெரியக்கூடாது என்றுதான். கள்ளத்தனம் என்று பார்த்தால் என் வாழ்க்கையில் நான் செய்த கள்ளத்தனம் அது ஒன்றுதான்.

மூட்டை தூக்கிய காலத்தில் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற பசிதான் உள்ளே உட்கார்ந்துகொண்டு இப்படிச் செய்கிறது என்று டாக்டரம்மா ஒரு தடவை சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. அன்றைக்குப் பசித்தது எல்லோருக்கும்தான். எல்லோரும் என்னை மாதிரி மறைப்புத் துணியை இழுத்து விட்டுக்கொண்டு தின்னவில்லை.

சர்க்கரை வியாதி வந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. காலில் செருப்புக் கடித்த ஒரு சின்னப் புண், கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில், ஆறாமல் கறுத்துக்கொண்டே போனது. வலிக்காது. வலிக்காததுதான் அதில் கெட்ட குணம்.

டாக்டரம்மா எங்கள் ஊர் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு வருஷம் இருக்கும். மதராஸில் படித்தவர், சிறு வயசு. கோடு போட்ட அன்றைக்கு அவர் இன்னொன்றும் சொன்னார். "ஒவ்வொருத்தருக்கா மருந்து குடுத்து அனுப்புறேன். வீட்டுக்குப் போய் பழையபடி சாப்பிட்டுட்டு வந்து, ஒவ்வொருத்தரா என்கிட்ட பொய் சொல்றீங்க. இனிமே ஒண்ணா உக்காந்து ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கங்க. நாலு பேருகிட்ட பொய் சொல்றது கொஞ்சம் கஷ்டம்."

அது எவ்வளவு சுலபம் என்று அவருக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை எங்கள் ஊரில் சந்தை. அதனால் அந்தக் கூட்டத்தையும் வியாழக்கிழமை காலையில் வைத்தார். ஆஸ்பத்திரிப் பின்தாழ்வாரத்தில் நாலு முக்காலி, நடுவில் ஒரு மேஜை. போனவுடன் கம்பவுண்டரிடம் மூத்திரம் பிடித்துக் கொடுக்க வேண்டும். அவர் அதில் எட்டுச் சொட்டை நீல மருந்துத் தண்ணீரில் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை என்றால் கொஞ்சம் சர்க்கரை. மஞ்சள் என்றால் மோசம். செங்கல் நிறத்துக்குப் போனால் கம்பவுண்டர் நம்மைப் பார்க்காமல் குழாயைப் பார்ப்பார்.

அப்புறம் உட்கார்ந்து, போன வியாழனிலிருந்து இந்த வியாழன் வரைக்கும் வாயில் போட்டதையெல்லாம் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் ஏசக்கூடாது, புத்தி சொல்லக்கூடாது, சிரிக்கக்கூடாது. பேசுகிறவர் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

என்னைத் தவிர மூன்று பேர். ஒருவர் மீமிசல் பாய். கருவாட்டு வியாபாரி, முதல் பஸ்ஸில் கூடைகளோடு சந்தைக்கு வருவார். அவருக்கு அல்வா. அல்வாக் கடையைப் பார்க்காமல் போவதற்காக மூன்று தெரு சுற்றிப் போவார். மூன்றாவது தெருவிலும் ஒரு கடை இருந்தது. அடுத்தவர் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிற ஒரு அம்மா. அரிசி களையும்போது வாயில் போட ஆரம்பித்து, ஒரு நாளைக்கு அரைப்படி பச்சரிசி மெல்கிற அளவுக்கு வந்துவிட்டவர். முகம் வெளுத்து ஊதியிருக்கும், வாய் மட்டும் நல்ல காரம். மூன்றாவது ஆள் ஆரம்பப் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஒல்லியான உடம்பு. அவருக்குச் சாப்பாட்டு வியாதி என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். அவருக்கு வெல்லம். சம்சாரம் புளிப்பானைக்குள் ஒளித்து வைத்தால் பானையோடு கவிழ்த்துத் தின்பார். எங்களில் அவருக்குத்தான் வியாதி முற்றியது. தினமும் காலையில் சைக்கிளில் வந்து கம்பவுண்டரிடம் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவார். ஊசி போட்டவர் நேரத்துக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும், கை நடுங்கி வியர்த்தால் உடனே கொஞ்சம் இனிப்பை வாயில் போட வேண்டும் என்று டாக்டரம்மா அவருக்கு எங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். பையில் வெல்லம் வைத்திருந்தால் நடுக்கம் வருவதற்கு முன்னாலேயே தின்றுவிடுவேன், அதனால் வைத்துக்கொள்வதில்லை என்று வாத்தியார் சொன்னார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து நான் அங்கே போகவில்லை. முதல் வியாழக்கிழமை அவர்கள் மூன்று பேரும் சொல்லி முடித்தார்கள். பாய் தலை குனிந்து சொன்னார். அந்த அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னது. வாத்தியாருக்குக் குரல் உடைந்தது. பிறகு என் முறை. ஊரில் நாலு பேர் எழுந்து நின்று கும்பிடுகிற ஆள் நான். இவர்களோடு சேர்ந்து நானும் உடைய வேண்டுமா என்று தோன்றியது. மில்லில் நூறு மூட்டை ஏற்றுகிற நாளிலும் எனக்கு ஒரு சொம்பு கம்பங்கஞ்சியும் ஒரு துண்டு நார்த்தங்காயும் போதும், மனசு வைத்தால் ஆகாதது இல்லை என்றேன்.

அது முழுப் பொய்யும் இல்லை. செவ்வாய்க்கிழமை மணமேல்குடிக்குப் போய் வந்தால், அதன் பிறகு வியாழக்கிழமை வரைக்கும் நான் எதையும் தொடுவதில்லை. புதன்கிழமை முழுக்க ஒரே ஒரு சொம்பு கஞ்சி. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவேன். அதனால் குழாயில் பச்சைக்கு மேல் போகாது. கூட்டம் முடிந்த கையோடு மறுபடி ஆரம்பித்துவிடுவேன். நான் செய்தது ஒன்றுதான். புதன்கிழமைக் கஞ்சியை எடுத்து ஏழு நாளுக்கும் ஊற்றிச் சொன்னேன்.

வாரா வாரம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நன்றாக வந்தது. வாத்தியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் அவர், முதல் நாள் பசியை எப்படித் தாங்குகிறீர்கள், ரெண்டாம் நாள் எப்படி என்று கேட்டார். ரெண்டாம் நாள் எப்படி இருக்கும் என்று எனக்கு எங்கே தெரியும்? மூன்றாம் நாளிலிருந்து பசியே இருக்காது, உடம்பு காற்று மாதிரி ஆகிவிடும் என்று அளந்துவிட்டேன். டாக்டரம்மா மட்டும் என் காலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நீங்கள் சொல்கிறபடி இருந்தால் இந்தப் புண் இத்தனை நேரம் ஆறியிருக்க வேண்டும் என்பார். கோடு அழிந்து போயிருந்தால் மறுபடி பென்சிலை நனைத்துப் போடுவார்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மணமேல்குடியில் தின்றுவிட்டு வந்து விலக்கில் இறங்கினேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கண்மாய்க் கரையில் ஒரு சைக்கிள் விழுந்து கிடந்தது. பக்கத்தில் வாத்தியார், பள்ளிக்கூடம் விட்டு அவர் வீடு போகிற வழி அது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, கண் பாதி திறந்திருந்தது, வாய் என்னவோ குழறியது. தள்ளி ரெண்டு பேர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள். மதுவிலக்குக் காலம் அது. எவனோ காய்ச்சினதைக் குடித்துவிட்டார் என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவர் இப்படிக் கிடக்கலாமா, தொட்டால் நமக்கு வம்பு என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பார்த்த உடனே தெரிந்தது. நடுக்கம், வியர்வை. டாக்டரம்மா சொன்னது அப்படியே கண் முன்னால் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்போது என் வேட்டி மடியில் ஒரு பொட்டலம் இருந்தது. கடலை மிட்டாய், மணமேல்குடியில் வாங்கியது. தின்று முடித்த பிறகும், வழியில் நமநமத்தால் இருக்கட்டும் என்று எப்போதும் ஒரு பொட்டலம் மடியில் இருக்கும். வெல்லப் பாகு கெட்டியாகப் பிடித்த மிட்டாய். ஒன்றை நுணுக்கி அவர் நாக்கில் தடவினால் போதும். எனக்கு அது தெரியும். தெரியாது என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

என் கை மடிக்குப் போனது. போன கை அப்படியே நின்றுவிட்டது. கஞ்சி குடித்து வாழ்கிற மில் முதலாளியின் மடியில் கடலை மிட்டாய் எப்படி வந்தது? அந்த ரெண்டு பேரும் பார்ப்பார்கள். நாளைக்கு வாத்தியாரும் பார்த்ததைச் சொல்வார். மடியைக் கட்டிக்கொண்டு குனிந்து அவரைத் தோளில் தூக்கினேன்.

ஒரு மூட்டைக் கனம்கூட இல்லை அவர். ஒன்றரை மைல். நடையும் ஓட்டமுமாகப் போனேன். வழியில் ஒரு செருப்பு அறுந்தது, இன்னொன்றையும் உதறிவிட்டேன். சரளைக் கல் குத்தியது தெரியவில்லை, அந்தக் காலில்தான் எதுவும் தெரியாதே. முதுகுக்குப் பின்னால் அவர் முனகுவது கேட்டுக்கொண்டிருந்தது. பாதி வழியில் முனகல் நின்றுவிட்டது. அப்போதுகூட மடியை அவிழ்க்கவில்லை. இன்னும் வேகமாக ஓடினேன்.

டாக்டரம்மா கை நரம்பில் ஊசியேற்றி குளுகோஸ் விட்டார். சிரிஞ்சைப் பிடித்தபடியே, வழியில் யாராவது ஒரு வாய் சர்க்கரை போட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று கம்பவுண்டரிடம் சொன்னார். நான் கதவோரமாக நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாத்தியார் கண் திறந்தார். முதலில் கூரையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஆறு நாளு கஞ்சியிலேயே இருந்துட்டேன் மொதலாளி," என்றார். "ஒங்களால முடிஞ்சது எனக்கு ஏன் முடியல?"

டாக்டரம்மா திரும்பி என்னைப் பார்த்தார். கீழே குனிந்து தரையைக் காட்டினார். நான் நின்ற இடத்தில் சிமெண்டுத் தரையில் ரத்தம் காலடி காலடியாக இருந்தது.

அன்று ராத்திரியும் மறுநாளும் ஊர் என்னைக் கொண்டாடியது. டீக்கடையில், மண்டியில், பஸ் நிலையத்தில் எல்லாம் அதே பேச்சு. புண்ணோடு ஆளைத் தூக்கிக்கொண்டு ஒன்றரை மைல் ஓடியிருக்கிறார் என்றார்கள். வாத்தியார் சம்சாரம் மில்லுக்கே வந்து வாசலில் கும்பிட்டு நின்றது. நான் அந்தப் பேச்சை வேண்டாம் என்று சொல்லவில்லை. தூக்கியது நான்தானே. ஆனால் புதன்கிழமை அந்த ஒரு சொம்பு கஞ்சியும் எனக்கு இறங்கவில்லை. வாயில் வைத்தால், முனகல் நின்ற இடத்துக்கு மனசு போய்விடும்.

வியாழக்கிழமை நாலு பேரும் உட்கார்ந்தோம். வாத்தியார் போர்வையைப் போர்த்திக்கொண்டு வார்டிலிருந்து நடந்து வந்திருந்தார். பாய் தன் வாரத்தைச் சொன்னார். அந்த அம்மா சொன்னது. வாத்தியார் தனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றார். பிறகு என் முறை.

வாயைத் திறந்தேன். கஞ்சி என்ற வார்த்தைதான் நாக்கு நுனியில் நின்றது, பழக்கம். மடியை அவிழ்த்துப் பொட்டலத்தை எடுத்து எங்கள் நடுவில் இருந்த மேஜையில் வைத்தேன். செவ்வாய்க்கிழமைப் பொட்டலம். அதைத் தின்னவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை. பாகு இளகிக் காகிதம் எண்ணெயாக இருந்தது.

"அன்னிக்கு இது என் மடியில இருந்துச்சு," என்றேன்.

முதலில் புரிந்தது அந்த அம்மாவுக்குத்தான். "வாத்தியாரு செத்துருந்தா மாலை வாங்கிக்கிட்டு மொத ஆளா வந்து நின்னுருப்பீங்க," என்றது. டாக்டரம்மா ஏசக்கூடாது என்று கையைக் காட்டவில்லை.

பாய் பேசினார். மார்கழியிலேயே மணமேல்குடிக் கடையில் மறைப்புத் துணிக்கு அடியில் என் காலைப் பார்த்திருக்கிறார், கட்டுப் போட்ட கால். சாப்பிடுகிற மனுஷனைப் பார்த்ததை வெளியில் சொல்வது கேவலம் என்றுதான் சின்ன வயசிலிருந்து அவருக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தாராம். "நானும்தான் வாத்தியாரைக் கீழ தள்ளிருக்கேன்," என்றார். அதைச் சொல்லும்போது அவர் கை தாடியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நான் வாத்தியாரைப் பார்த்தேன். அவர் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், வெல்லம் தின்கிறவர் ஆயிற்றே. ரெண்டு கையையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அப்புறம், "மணமேல்குடியில என்னென்ன சாப்ட்டீங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க," என்றார்.

சொன்னேன். பரோட்டா எத்தனை, சோறு எத்தனை தட்டு, எந்த மீன், எழுந்திருக்கும்போது நெஞ்சு எப்படி அடைத்தது, கண்மாயில் எப்படிக் கை கழுவினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை வருஷமாக என்று சொன்னேன். மூன்று பேரும் என் முகத்தையே பார்த்துக் கேட்டார்கள். மூட்டை தூக்கிய நாளில்கூட எனக்கு அப்படி வியர்த்ததில்லை. புதன்கிழமை பட்டினி கிடந்தும், புண் கிளறிவிட்டதாலோ என்னவோ, அன்றைக்குக் குழாய் செங்கல் நிறமாக இருந்தது. கம்பவுண்டர் குழாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

கடைசியில் பாய்தான் அந்த யோசனையைச் சொன்னார். நாம் நாலு பேரும் தின்பது தனியாக இருக்கும்போதுதான், எங்கள் மீமிசல் பக்கத்து விருந்தில் தனியாகத் தின்ன வழியே கிடையாது, ஒரு சகனில் நாலு கை என்றார். சகன் என்பது பெரிய தாம்பாளத் தட்டு. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அதில் சேர்ந்து சாப்பிடுவார்கள். அவரவர் முன்னால் இருப்பதுதான் அவரவருக்கு. நடுவில் இருக்கிறதில் கை வைக்கக்கூடாது, பரக்கத், அதாவது ஆண்டவன் அருள், இறங்குகிற இடம் அது என்றார்.

டாக்டரம்மாவுக்குப் பிடித்துவிட்டது. எங்களுக்குத்தான் ஆகவில்லை. எச்சில் என்கிற ஒரு வார்த்தை போதுமே. பெற்ற பிள்ளை கடித்த மாங்காயைக்கூட நான் வாங்கித் தின்றவன் இல்லை. வெவ்வேறு சாதி, வெவ்வேறு வீடு, அதில் ஒரு பொம்பளை வேறு. என் கை பட்ட தட்டில் ஆம்பளைகள் கை வைப்பார்களா என்று அந்த அம்மாவே கேட்டது. வாத்தியார் தரையைப் பார்த்தார். ஊர் சிரிக்கும் என்று நான் சொன்னேன். அன்றைக்கு முடிவாகவில்லை.

என் கால்தான் முடிவு செய்தது. மாசி பிறந்ததும் டாக்டரம்மா கட்டைப் பிரித்தார். சரளையில் ஓடியதில் ரெண்டு விரலும் நிறம் மாறிவிட்டிருந்தன. கறுப்பு பாதத்துக்கு ஏறத் தொடங்கியிருந்தது. இந்த முறை அவர் பென்சிலை எடுக்கவில்லை. பங்குனி வரைக்கும் காத்திருக்க முடியாமல் போகலாம் என்றார். மறு வியாழக்கிழமை பாயிடம் தட்டைக் கொண்டு வரச் சொன்னேன்.

பெரிய ஈயம் பூசிய தட்டு, பஸ் கூரையில் கருவாட்டுக் கூடையோடு வந்தது. அந்த அம்மா கேழ்வரகுக் களி கிண்டி, நாலு பக்கமும் நாலு உருண்டை வைத்து, நடுவில் ஒரு குவியல் வைத்து, சுற்றிலும் முருங்கைக்கீரை பரப்பியது. தாழ்வாரத் தரையில் உட்கார்ந்தோம். அந்த அம்மா ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தது. யாரும் கை வைக்கவில்லை. இந்த ஊரில் எதிலும் முதலில் கை வைக்கிறவன் நான்தான், அதிலும் நான்தான் வைத்தேன். பிறகு வாத்தியார் கை வந்தது, பாய் கை வந்தது, கடைசியில் வளையல் சத்தம் கேட்டது.

வழக்கம்போல என் பக்கம் முதலில் காலியானது. நாலு வாயில் முடித்துவிட்டேன். மற்ற மூன்று பேரும் பாதியில் இருந்தார்கள். நடுக் குவியல் அப்படியே இருந்தது, ஆவிகூட அடங்கவில்லை. உள்ளே நமநமவென்று ஆரம்பித்தது. அது ருசியான பண்டம்கூட இல்லை, உப்புக் கம்மியான களி. ஆனால் என் கை நான் சொல்லாமலே நகர்ந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி.

மற்ற மூன்று கையும் நின்றுவிட்டன. சாப்பிடுகிறவனைப் பார்க்கக்கூடாது என்று வளர்ந்தவர் பாய். அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மா திரும்பிப் பார்த்தது. என் விரல் குவியலுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. கஞ்சிக் கதையெல்லாம் மூன்று பேருக்கும் தெரிந்த பிறகு, அந்தக் கையை மறைக்க அங்கே துணியும் இல்லை, சுவரும் இல்லை.

"மெதுவா மொதலாளி," என்றார் வாத்தியார். "நாங்க இன்னும் முடிக்கல. இருக்கோம்."

கையை எடுத்து என் பக்கத்துத் தட்டு விளிம்பில் வைத்தேன். காய்ந்துகொண்டிருந்த விரலோடு அவர்கள் முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நேரம் பசியோடு, பக்கத்தில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு, என் வாழ்க்கையில் நான் சும்மா உட்கார்ந்திருந்ததில்லை. குவியல் அப்படியே இருந்தது. அந்த அம்மா அதை எடுத்துப் போய் ஆஸ்பத்திரி வாசலில் இருந்த யாருக்கோ கொடுத்தது.

அதற்குப் பிறகு வியாழக்கிழமை மட்டும் இல்லை, மத்தியானம் ஒரு வேளையாவது நாலு பேரில் ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து சாப்பிடுவது என்று வைத்துக்கொண்டோம். வாத்தியார் பள்ளிக்கூடத்திலிருந்து சைக்கிளில் மில்லுக்கு வருவார். ஊர் சிரித்தது. தட்டு விஷயம் தெரிந்து என் பங்காளி ஒருவர் என் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். குடிக்காவிட்டால் போகட்டும். மணமேல்குடி பஸ்ஸில் நான் மறுபடி ஏறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ரெண்டு தடவை ஏறினேன். ரெண்டையும் வியாழக்கிழமை சொன்னேன்.

பங்குனி கடைசியில் டாக்டரம்மா ரெண்டு விரலை எடுத்தார். பாதம் தப்பியது. கட்டை அவிழ்த்த அன்றைக்கு, கோடு இருந்த இடத்தைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அவரே துடைத்துவிட்டார். அந்த ரெண்டு விரலையும் வாத்தியாருக்காகக் கொடுத்ததாக நான் சொல்லிக்கொள்வேன். அவருக்கு அது பிடிக்காது.

வீட்டுக்குப் போனேன். மணமேல்குடிச் சாப்பாட்டை வீட்டுக்காரியிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசனை. எங்கள் வழக்கம், நான் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் அவள் உட்காருவாள். இருபது வருஷமாக அப்படித்தான். அதனால் வீட்டிலும் நான் தனியாகத்தான் சாப்பிட்டிருக்கிறேன். என்னோடு சேர்ந்து உட்கார் என்றேன். அதெல்லாம் முடியாது, கேட்டால் சிரிப்பார்கள் என்று சொல்லிக் கரண்டியோடு நின்றாள். சரி, நின்றுகொண்டாவது பார் என்றேன். என்னத்தைப் பார்க்க என்று கேட்டாள்.

சாப்பிட்டேன். மெதுவாக, நாலு பேர் முடிக்கிற வேகத்தில். இலை ஓரத்தில் ஒரு கைப்பிடிச் சோறு இருக்கும்போது எழுந்தேன். இருபது வருஷத்தில் என் இலையில் அவளுக்கென்று ஒரு பருக்கை மிஞ்சியதில்லை என்பது அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. அவள் இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் சின்னதாகிவிட்டது.

"கொழம்புல உப்பு கூடிப்போச்சுங்களா?"

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு. போதும்."

அவள் கரண்டியிலிருந்து ரெண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை. மறுபடியும் ரெண்டு சொட்டு விட்டுப் பார்த்தாள்.